பிலடெல்பியாவின் பத்து நாட்கள்

பிலடெல்பியா நகரில் பிறந்து வளர்ந்து, இன்று எழுபது வயதைக் கடந்துவிட்ட ஒருவரிடம் "1964" என்று மட்டும் சொன்னால் போதும். எதைக் குறித்துப் பேசுகிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்கமாட்டார். குடியியல் உரிமைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. வியட்நாம் யுத்தத்துக்குள் அமெரிக்கா ஆழமாகக் காலெடுத்து வைத்ததும், லின்டன் ஜோன்சன் ஜனாதிபதித் தேர்தலில் பெருவெற்றி பெற்றதும் அவ்வாண்டில்தான். ஆயினும், அந்நகரத்து முதியவரின் நினைவில் முதலில் எழுவது இவை எவையுமல்ல. செப்டெம்பர் 21 முதல் 30 வரையான பத்து நாட்களே அவரது 1964.

அந்தப் பத்து நாட்களில் அந்நகரின் பேஸ்போல் அணியான பில்லீஸ் பத்து ஆட்டங்களில் விளையாடியது. பத்திலும் தோற்றது. கைக்கெட்டிய வெற்றிக்கொடி கைநழுவிப் போயிற்று.

பேஸ்போல் வரலாற்றில் இதனைப் போன்ற சரிவுகள் வேறு பலவும் உண்டு. எனினும், பழைய பத்திரிகைக் குறிப்புகளிலும் வீரர்களின் பிற்கால நினைவுகளிலும் இந்தக் கதையைத் தேடிப் படித்தபோது, தோல்வியைவிட அதற்குப் பின்னர் நடந்ததே என் சிந்தனையை அதிகம் ஈர்த்தது. ஏமாற்றமடைந்த ஒரு நகரத்தின் கோபம் எங்கெல்லாம் அலைந்து, இறுதியில் யார் தலையில் இறங்கியது என்பதே அது.

கிரிக்கெட்டில் ஊறிப்போன நம்மவர்களுக்காக ஓரிரு விளக்கங்கள் அவசியமாகின்றன. 1964 இல் அமெரிக்காவின் நஷனல் லீக்கில் பத்து அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணியும் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் ஆரம்பம் வரை 162 ஆட்டங்களில் விளையாடவேண்டும். ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். இறுதியில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே லீக்கின் கொடி உரியது. அதனைப் பென்னன்ட் என்பார்கள். அவ்வணி மாத்திரமே மற்றைய லீக்கின் முதல் அணியுடன் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் மோதும். அரையிறுதி, காலிறுதி என்பன அந்நாளில் இல்லை. இரண்டாமிடத்தில் வந்தவனும் பத்தாமிடத்தில் வந்தவனும் மறுநாள் ஒன்றாகவே வீட்டிலிருந்து வானொலி கேட்கவேண்டியதுதான். ஆகவேதான், கொடிக்கான ஓட்டத்தின் கடைசி இரு வாரங்கள் ரசிகனின் உயிரை வாங்குவனவாக இருந்தன. தன் அணியின் ஆட்டம் முடிந்ததும் அவன் உறங்கப் போவதில்லை. மேற்கே வேறொரு நகரில் நடக்கும் எதிரணியின் ஆட்ட முடிவுக்காகவும் அவன் விழித்திருக்கவேண்டும்.

பில்லீஸ் ரசிகனுக்கோ காத்திருப்பு பரம்பரைச் சொத்து. 1883 இல் தோன்றிய அணி அது. 1964 வரையான எண்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அது வென்ற கொடிகள் இரண்டே இரண்டு: ஒன்று 1915 இல், மற்றது 1950 இல். உலகத் தொடரை ஒரு தடவையேனும் வென்றதில்லை. (பிற்காலத்தில், 2007 ஜூலையில், பத்தாயிரம் தோல்விகளை எட்டிய முதலாவது தொழில்முறை விளையாட்டு அணி என்ற பெயரையும் இதுவே பெற்றது.) நகரின் மற்றைய அணியான அத்லெற்றிக்ஸ் 1954 ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின்னர் கன்சாஸ் சிற்றிக்குப் போய்விட்டது. எஞ்சியது பில்லீஸ் மட்டுமே. 1961 இல் அது தொடர்ச்சியாக 23 ஆட்டங்களில் தோற்று, இன்றுவரை நினைவுகூரப்படும் ஓர் அவப்பெயரையும் சம்பாதித்தது.

அந்தப் படுகுழியிலிருந்து அணியைத் தூக்கி நிறுத்தியவர் முகாமையாளர் ஜீன் மோக். கூர்மையான அறிவும் அதைவிடக் கூர்மையான நாவும் கொண்டவர். விதிப்புத்தகத்தை வரிக்கு வரி அறிந்தவர். 1964 இல் அவரிடம் இரு சிறந்த பந்தெறியாளர்கள் இருந்தனர். வலக்கையரான ஜிம் பனிங் அவ்வாண்டு ஜூன் 21 ஆம் திகதி, தந்தையர் தினத்தன்று, நியூயோர்க் மெட்ஸ் அணியின் 27 பேரையும் ஒருவர்கூட முதலாம் தளத்தை எட்டாதவாறு ஆட்டமிழக்கச் செய்திருந்தார். கச்சிதமான ஆட்டம் என்று சொல்லப்படும் அரிய சாதனை அது. மற்றவர் இடக்கையரான கிறிஸ் ஷோர்ட். வெளிக்களத்தில் ஜொனி கலிசன். ஜூலையில் நடைபெற்ற நட்சத்திர ஆட்டத்தை இறுதி அடியில் வென்று கொடுத்தவர். மூன்றாம் தளத்தில் இருபத்திரண்டு வயதுப் புதுமுகம் ஒருவர்: டிக் அலன். கனமான மட்டை ஒன்றைச் சுழற்றி, மைதானத்தின் கூரைக்கப்பால் பந்தை அனுப்பவல்ல கறுப்பின இளைஞர். இவரைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஜூலை நடுப்பகுதியிலிருந்து பில்லீஸ் முதலிடத்தை விட்டு அகலவில்லை. அவ்வாண்டு 14 இலட்சத்துக்கும் அதிகமானோர் அரங்குக்கு வந்தார்கள். செப்டெம்பர் 20 ஞாயிறன்று லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பனிங் டொட்ஜர்ஸ் அணியை 3-2 என வென்றபோது, பில்லீஸின் கணக்கு 90 வெற்றி, 60 தோல்வி. அடுத்த இடத்திலிருந்த சின்சினாட்டி ரெட்ஸும் சென்ட் லூயிஸ் கார்டினல்ஸும் ஆறரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்தன. மீதமிருந்தவை பன்னிரண்டு ஆட்டங்கள். பில்லீஸின் வெற்றிகளும் எதிரணியின் தோல்விகளுமாகச் சேர்ந்து ஏழு கிடைத்தால் போதும், கொடி உறுதி. உலகத் தொடருக்கான நுழைவுச்சீட்டுகள் அச்சாகிவிட்டன.

ஆனால், வயதான ரசிகர்கள் சிலர் அப்போதும் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள் என்றே நான் எண்ணுகிறேன். காரணம் 1950. அந்த ஆண்டும் இதே செப்டெம்பரில் ஏழு ஆட்ட முன்னிலை இருந்தது. அது கரைந்து கரைந்து, பருவத்தின் கடைசி நாளில் ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது. அன்று புரூக்ளின் மைதானத்தில் ரிச்சி அஷ்பேர்ன் மத்திய களத்திலிருந்து எறிந்த ஓர் எறியும், பத்தாவது இன்னிங்ஸில் டிக் சிஸ்லர் அடித்த ஹோம் ரன்னும் அணியைக் காப்பாற்றின. அஷ்பேர்ன் 1964 இல் பில்லீஸின் வானொலி, தொலைக்காட்சி வர்ணனையாளர்களில் ஒருவர். சிஸ்லரோ எதிர்முகாமில், சின்சினாட்டியில் இருந்தார். அங்கே முகாமையாளர் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோயால் படுத்துவிட்டதால், அவருக்குப் பதிலாக அணியை நடத்தியவர் இந்தச் சிஸ்லரே. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பிலடெல்பியாவுக்குக் கொடியைப் பெற்றுக்கொடுத்த அதே மனிதர், அதனைப் பறித்தெடுக்க இப்போது வந்திறங்கினார்.

திங்கட்கிழமை, செப்டெம்பர் 21, இரவு. வடபிலடெல்பியாவிலுள்ள கொனி மக் அரங்கம். ஆறாவது இன்னிங்ஸ் வரை இரு தரப்புக்கும் ஓட்டமில்லை. ரெட்ஸின் சிக்கோ ரூயிஸ் என்ற புதுமுக வீரர் மூன்றாம் தளத்தில் நிற்கிறார். இருவர் ஆட்டமிழந்தாயிற்று. மட்டையுடன் நிற்பவர் பிராங்க் ரொபின்சன். அந்தக் காலத்தின் மிகச்சிறந்த அடியாளர்களுள் ஒருவர். இந்நிலையில், பந்தெறியாளர் எறியத் தொடங்கும் கணத்திலேயே மூன்றாம் தளத்திலிருந்து இறுதித் தளத்தை நோக்கி ஓடித் தப்பும் 'தளக் களவை' எவரும் நினைத்தும் பார்ப்பதில்லை. ரொபின்சன் போன்ற ஒருவர் மட்டையைப் பிடித்திருக்கும்போது ஓடுபவர் பிடிபட்டால், தன் அணியினராலேயே அவர் ஏசப்படுவார். ரூயிஸ் ஓடினார். பந்தெறியாளர் ஆர்ட் மஹபி அதனைக் கண்டு திகைத்தார். பந்து விலகிச் சென்றது. ஒரு ஓட்டம். ஆட்டம் 1-0 என முடிந்தது.

மோக் கொதித்தெழுந்தார் என்கிறார்கள். அவருடைய கோபம் களவைப் பற்றியதல்ல. அதன் முட்டாள்தனத்தைப் பற்றியது. அவருடைய கணக்குகளுக்குள் இது அடங்கவில்லை. (இரு நாட்களுக்கு முன்னர் லொஸ் ஏஞ்சல்ஸிலும் பதினாறாவது இன்னிங்ஸில் இதேபோன்ற ஒரு களவினால்தான் அணி தோற்றிருந்தது.) ரசிகர்களோ அன்றிரவு அவ்வளவாகக் கலங்கியிருக்கமாட்டார்கள். ஒரே ஒரு தோல்விதானே.

அடுத்த இரு இரவுகளிலும் ரெட்ஸ் வென்றது: 9-2, 6-4. வியாழனன்று மில்வோக்கி பிரேவ்ஸ் வந்து சேர்ந்தது. அன்றும் தோல்வி. வெள்ளிக்கிழமை ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை இழுபட்டது. கலிசன் எட்டாவதில் ஒரு ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். பத்தாவதில் பிரேவ்ஸ் இரு ஓட்டங்கள் முன்னேறியபோது, அலன் அடித்த பந்து வேலிக்குள்ளேயே உருண்டோட, அவர் நான்கு தளங்களையும் சுற்றியோடி மீண்டும் சமப்படுத்தினார். அப்படியும் 7-5 எனத் தோல்வி.

சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது பில்லீஸ் 4-3 என முன்னிலையில் இருந்தது. பந்தெறிய அழைக்கப்பட்டவர் பொபி ஷான்ட்ஸ். பென்சில்வேனியாவின் மண்ணில் பிறந்தவர். பழைய பிலடெல்பியா அத்லெற்றிக்ஸின் செல்லப்பிள்ளை. 1952 இல் மற்றைய லீக்கின் மிகப்பெறுமதியான வீரர் விருதைப் பெற்றவர். அன்றைய தினம் அவருடைய 39 ஆவது பிறந்தநாள். தளங்கள் மூன்றும் நிரம்பிவிட்ட நிலையில் ரிக்கோ கார்ட்டி அடித்த பந்து வெளிக்களத்தைக் கடந்தது. மூவர் ஓடிவந்தனர். 6-4.

ஞாயிறன்று கலிசன் தனியொருவராக மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். அணி 14-8 எனத் தோற்றது! அதே நாளில் நியூயோர்க்கில் ரெட்ஸ் இரட்டை ஆட்டங்களிரண்டையும் வென்று முதலிடத்துக்குப் போனது. ஏழு நாட்கள், சொந்த மைதானத்தில் ஏழு தோல்விகள். அவ்வாண்டு கொனி மக் அரங்கில் நடைபெற்ற கடைசி ஆட்டமும் அதுவே. கொடியேற்றத்துக்கு ஆயத்தமாகியிருந்த ரசிகர்கள் வாகனங்களைத் தேடிக்கொண்டு மௌனமாகக் கலைந்தனர். மௌனமாக என்பது சற்று மிகை; பிலடெல்பியா ரசிகர்கள் கூச்சலிட்டு ஏசுவதில் அமெரிக்காவெங்கும் பெயர்பெற்றவர்கள்.

ரசிகனின் வேதனையில் ஒரு விசித்திரம் உண்டு. தோல்வி ஒரே நாளில் நேர்ந்திருந்தால் அவன் தாங்கிக்கொள்வான். ஒவ்வொரு நாளும் "இன்று வென்றால் போதும்" என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு, இரவில் அதனைப் பிடுங்கிக்கொள்வதுதான் அவனை வதைக்கிறது. பத்து நாட்களும் கணக்கின்படி வாய்ப்பு இருந்துகொண்டேயிருந்தது. காலைப் பத்திரிகையில் புள்ளிப்பட்டியலை எடுத்து, பென்சிலால் கூட்டிக் கழித்து, "எங்களுக்கு நான்கு, அவர்களுக்கு இரண்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் மனிதனை எந்த நாட்டிலும் காணலாம். அவனால் செய்யக்கூடியது அது ஒன்றுதான். பந்தை எறியவோ மட்டையைத் தொடவோ அவனுக்கு உரிமையில்லை. கணக்குப் பார்க்க மட்டும் உரிமையுண்டு.

சென்ட் லூயிஸுக்குச் சென்ற அணி அங்கும் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. முதல் நாள் பொப் கிப்சன் வென்றார். இரண்டாம் நாள் கலிசன் கடும் காய்ச்சலில் இருந்தார். ஆயினும் பதில் அடியாளராக வந்து ஓர் அடி அடித்து முதலாம் தளத்தை அடைந்தார். நடுக்கம் தாளாமல் மேற்சட்டை கேட்டார். பந்தெறியாளர் தவிர்ந்த எவரும் ஓடுதளத்தில் மேற்சட்டை அணிய விதியில்லை; நடுவர் கண்டுகொள்ளாமல் விட்டார். விரல்கள் நடுங்கியதால் கலிசனால் பொத்தான்களைப் பூட்ட முடியவில்லை. எதிரணியின் முதல்தளக் காவலர் பில் வைட் அருகே வந்து அவற்றைப் பூட்டிவிட்டார். மூன்றாம் நாள் பில்லீஸை வென்றவர் கேர்ட் சிம்மன்ஸ். 1950 ஆம் ஆண்டு பில்லீஸ் அணியின் தூண்களில் ஒருவராக இருந்து, 1960 இல் இனி உதவமாட்டார் என்று அதே அணியால் கைவிடப்பட்டவர். அத்துடன் தோல்விகள் பத்தாயின.

இதிலும் ஒரு கடைசிக் கொடுமை இருந்தது. பில்லீஸ் பிறகு வெல்லத் தொடங்கியது! ஒக்டோபர் 2 இல் சின்சினாட்டியில் ரெட்ஸை 4-3 என வென்றது. முதலிடத்துக்கு வந்துவிட்ட கார்டினல்ஸோ, லீக்கின் கடைசி அணியான மெட்ஸிடம் அடுத்தடுத்து இரு நாட்கள் தோற்றது. பருவத்தின் இறுதி நாளான ஒக்டோபர் 4 விடிந்தபோது கார்டினல்ஸும் ரெட்ஸும் சமநிலையில் நிற்க, பில்லீஸ் ஒரே ஓர் ஆட்டம் பின்னால் நின்றது. பில்லீஸ் ரெட்ஸை வென்று, மெட்ஸ் மறுபடியும் கார்டினல்ஸை வென்றால், வரலாற்றில் முதன்முறையாக மூன்று அணிகள் ஒரே புள்ளியில் முடியும். பில்லீஸ் தன் பங்கைச் செய்தது: பனிங் எறிய, அலன் இரு ஹோம் ரன்கள் அடிக்க, 10-0. சென்ட் லூயிஸில் மெட்ஸ் ஒரு கட்டத்தில் முன்னிலையும் பெற்றது. பின்னர், ஒரு நாள் ஓய்வுடன் வந்த கிப்சன் பந்தைக் கையிலெடுத்தார். கார்டினல்ஸ் 11-5. முடிவில் கார்டினல்ஸ் 93 வெற்றி. பில்லீஸும் ரெட்ஸும் தலா 92. அந்தப் பத்து ஆட்டங்களில் ஒன்றை வென்றிருந்தால்...

யார் குற்றவாளி? அறுபது ஆண்டுகளாக இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. முதற் பிரதிவாதி ஜீன் மோக். அக்காலத்தில் தொடக்கப் பந்தெறியாளர் ஒருவருக்கு ஆட்டங்களுக்கிடையே மூன்று நாள் ஓய்வு வழக்கம். மோக் பனிங்கையும் ஷோர்ட்டையும் இரண்டு நாள் ஓய்வுடன் மாறிமாறி இறக்கினார். பத்துத் தோல்விகளில் ஆறு, இவ்விருவரும் தொடங்கிய ஆட்டங்கள். களைத்த கைகளில் பந்து கொடுக்கப்பட்டது என்பது மறுக்கமுடியாதது. ஆயினும் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். டென்னிஸ் பெனட்டின் தோள் நோவெடுத்திருந்தது. ரே கல்ப்பின் முழங்கை பழுதடைந்திருந்தது. மஹபி மீது மோக்குக்கு நம்பிக்கை போய்விட்டது. ஓகஸ்டில் வந்து அணியைத் தூக்கிய பிராங்க் தோமஸ் செப்டெம்பர் முற்பகுதியில் பெருவிரல் முறிந்து ஒதுங்கியிருந்தார். என்னைக் கேட்டால், முதலிரு தோல்விகளின்போது பொறுமையாக இருந்திருந்தால் ஒரு வெற்றி தானாகவே வந்திருக்கும் என்பேன். அவசரமே அணியைக் கெடுத்தது. மோக் பிற்காலத்தில் பழியைத் தன்மீதே போட்டுக்கொண்டார். 26 பருவங்கள் முகாமையாளராக இருந்தும் அவர் ஒரு கொடியைக்கூட வெல்லவில்லை. 1986 இல் கலிபோர்னியா ஏஞ்சல்ஸுடன் இன்னும் ஒரேயொரு பந்து என்ற நிலையில் நின்று அதனையும் இழந்தார். 2005 இல் காலமானார்.

ஆனால், நகரத்தின் கோபம் மோக்கிடம் நீண்டநாள் தங்கவில்லை. அதற்கு வேறு முகவரி கிடைத்தது.

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1964 ஓகஸ்ட் 28 ஆம் திகதி இரவு, கொனி மக் அரங்கம் அமைந்திருந்த அதே வடபிலடெல்பியாவில், கொலம்பியா அவென்யூவில் ஒரு வாகனத்தை மையமாகக் கொண்டு பொலிஸாருக்கும் கறுப்பினப் பெண் ஒருவருக்குமிடையே எழுந்த தகராறு, பொய் வதந்தி ஒன்றினால் பெருங் கலவரமாக வெடித்தது. பொலிஸார் கர்ப்பிணி ஒருவரைக் கொன்றுவிட்டார்கள் என்பதே வதந்தி. முந்நூறுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். எழுநூறுக்கு மேற்பட்டோர் கைதாகினர். கடைகள் நூற்றுக்கணக்கில் சூறையாடப்பட்டன. வதந்தி ஒன்று எவ்வளவு விரைவில் ஒரு தெருவை எரிக்கும் என்பதை இலங்கையராகிய எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பேஸ்போல் அரங்குக்கு வருவோரில் பெரும்பான்மையினர் புறநகர்களிலிருந்து காரில் வரும் வெள்ளையர். அரங்கைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கறுப்பினத்தவர். காரை நிறுத்தும்போது அயலிலுள்ள சிறுவர்கள் ஓடிவந்து, சில்லறைக் காசுக்கு "காரைப் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். கலவரத்துக்குப் பின்னர் அந்தச் சிறுவர்களைப் பார்க்கும் பார்வை மாறிப்போயிற்று.

பில்லீஸ் நிர்வாகத்தின் வரலாறும் இதில் பெருமைக்குரியதல்ல. 1947 இல் ஜக்கி ரொபின்சன் நிறத்தடையை உடைத்து டொட்ஜர்ஸுக்காக ஆடவந்தபோது, அவரை மிக இழிவாக ஏசியவர் அன்றைய பில்லீஸ் முகாமையாளர் பென் சப்மன். (2016 இல் பிலடெல்பியா மாநகர சபை அதற்காக உத்தியோகபூர்வமாக மன்னிப்புக் கோரியது.) நஷனல் லீக்கில் கறுப்பின வீரரை இறுதியாகச் சேர்த்துக்கொண்ட அணியும் பில்லீஸ்தான், 1957 இல். அலனை 1963 இல் பயிற்சிக்காக ஆர்கன்சோ மாநிலத்தின் லிட்டில் ரொக் நகருக்கு அனுப்பினார்கள். கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேரைப் பாடசாலைக்குள் நுழையவிடாமல் 1957 இல் படையை நிறுத்திய அதே ஆளுநர் ஓர்வல் போபஸ், பருவத்தின் முதற் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடக்கிவைத்தார். அந்நகரின் முதலாவது கறுப்பின பேஸ்போல் வீரர் அலன். அவரது காரின் கண்ணாடியில் மிரட்டல் கடிதங்கள் செருகப்பட்டன. அங்கு அவரைத் தயார்ப்படுத்தி அனுப்பவோ, பக்கத்தில் நிற்கவோ அணியிலிருந்து எவரும் போகவில்லை.

1964 இல் அந்த இளைஞர் 162 ஆட்டங்களிலும் ஆடினார். 201 அடிகள், 29 ஹோம் ரன்கள், லீக்கிலேயே அதிகமாக 125 ஓட்டங்கள். ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே. அவருக்குப் பழக்கமில்லாத மூன்றாம் தளத்தில் அவரை நிறுத்தியதால் 41 தவறுகளும் நேர்ந்தன. ரசிகர்கள் கணக்குவைத்துக்கொண்டது அந்த நாற்பத்தொன்றைத்தான்! பெயரைக்கூட அவருக்கு விட்டுவைக்கவில்லை. வீட்டில் அவர் டிக். பத்திரிகைகளோ 'ரிச்சி' என்றே எழுதின. வேண்டாம் என்று அவர் கேட்டும் எழுதின.

1965 ஜூலை 3 அன்று ஆட்டத்துக்கு முன்னரான பயிற்சியின்போது, வெள்ளையின வீரரான பிராங்க் தோமஸுக்கும் அலனுக்கும் வாய்த்தர்க்கம் முற்றி, அலன் கையால் அடிக்க, தோமஸ் மட்டையால் அலனின் தோளில் அடித்தார். தோமஸ் அன்றிரவே அணியிலிருந்து நீக்கப்பட்டார். நடந்ததைப் பற்றிப் பேசினால் பெருந்தொகை அபராதம் என்று மோக் வீரர்களின் வாயை அடைத்தார். நீக்கப்பட்ட தோமஸுக்கு அந்தத் தடை இல்லை. அவர் பத்திரிகையாளர்களிடம் தாராளமாகப் பேசினார். மறுநாள் நகரம் படித்தது ஒரு பக்கக் கதையை. இந்தத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் இந்த இடத்தில் எனக்குக் கூச்சம் உண்டாகிறது. பேசுகிறவனின் கூற்று செய்தியாகிறது. பேச முடியாதவனின் மௌனம் குற்ற ஒப்புதலாகிறது. அந்தச் செய்திகளை எழுதியவர்கள் எல்லோரும் இனத்துவேஷிகள் என்று நான் சொல்லமாட்டேன். மாலை அச்சுக்குப் போகுமுன் கையில் கிடைத்ததை எழுதியவர்களே பெரும்பாலானோர்.

அதன்பின் அலன் களத்தில் இறங்கும்போதெல்லாம் கூச்சல். காசுகள், பற்றரிகள், ஆணிகள் எனக் கையில் கிடைத்தவையெல்லாம் அவர்மீது எறியப்பட்டன. களத்தடுப்பில் நிற்கும்போதும் அவர் தலைக்கவசம் அணியத் தொடங்கினார். 1969 இல் முதலாம் தளத்தருகே மண்ணில் காலால் எழுத்துக்களை வரைந்து, அரங்கிலுள்ளோரின் ஏச்சொலியையே அவர்களுக்குத் திருப்பி எழுதிக் காட்டினார். எழுதக்கூடாது என்று பேஸ்போல் ஆணையாளர் உத்தரவிடும்வரை அது தொடர்ந்தது. அலன் குறையற்றவரல்லர். நேரத்துக்கு வராமையும், 1969 இல் நியூயோர்க்கில் இரட்டை ஆட்டத்துக்கே வராமல் தடைசெய்யப்பட்டதும் உண்மைகள். இருந்தும், 1964 இன் அந்தப் பத்து நாட்களில் பந்தை அடித்துக்கொண்டேயிருந்த மனிதரைத்தான் அந்நகரம் தன் ஏமாற்றத்தின் உருவமாக ஆக்கிக்கொண்டது என்பது எனக்கு விளங்காத புதிராகவே நெடுநாள் இருந்தது. கொலம்பியா அவென்யூவை இதனுடன் சேர்த்துப் படித்தபோதுதான் ஓரளவு விளங்கிற்று.

1969 ஒக்டோபரில் அலனை சென்ட் லூயிஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து கேர்ட் பிளட் முதலானோரைப் பெற பில்லீஸ் ஏற்பாடு செய்தது. பிளட், 1964 இல் கொடியை வென்ற கார்டினல்ஸின் மத்தியகள வீரர், அவரும் கறுப்பினத்தவர். அலனுக்கு நேர்ந்ததையெல்லாம் எதிர்முகாமிலிருந்து பார்த்திருந்தவர். பிலடெல்பியாவுக்கு வரமுடியாது என்று அவர் மறுத்தார். தன்னை விற்கவும் வாங்கவும் தான் ஒரு பண்டமல்லன் என்று டிசம்பர் 24 இல் ஆணையாளருக்கு எழுதி, வழக்கும் தொடர்ந்தார். 1972 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1975 டிசம்பரில், வேறிருவர் தொடர்பான நடுத்தீர்ப்பில், வீரர்களை ஆயுட்காலம் முழுவதும் ஓர் அணியுடன் பிணைத்த அந்த ஏற்பாடு உடைந்தது.

அலன் 1972 இல் சிக்காகோ வைட் சொக்ஸ் அணியில் மிகப்பெறுமதியான வீரராகத் தெரிவானார். 1975 இல் பில்லீஸுக்கே திரும்பிவந்து இரு பருவங்கள் ஆடினார். இம்முறை அரங்கு அவரைக் கைதட்டி வரவேற்றது. அரங்கும் புதியது, ரசிகர்களில் பலரும் புதியவர்கள். 1980 இல் பில்லீஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது அவர் அணியில் இல்லை. பேஸ்போல் புகழ் மண்டபத்துக்கு 2014 இலும் 2021 இலும் ஒரேயொரு வாக்கினால் தவறவிடப்பட்டு, 2024 டிசம்பரில் தெரிவு செய்யப்பட்டார். 2025 ஜூலையில் நடைபெற்ற விழாவில் அவருக்காகப் பேசியவர் அவரது மனைவி. அலன் 2020 டிசம்பர் 7 ஆம் திகதியே காலமாகிவிட்டிருந்தார்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி, பில்லீஸ் நிர்வாகம் அவரது 15 ஆம் இலக்கச் சட்டையை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று அறிவித்து விழா எடுத்தது. எழுபத்தெட்டு வயதில் அவர் நேரில் வந்து அந்த மரியாதையைப் பெற்றுக்கொண்டார். பெருந்தொற்றுக் காலமாதலால் அந்த ஆண்டு முழுவதும் அரங்கினுள் ரசிகர்கள் அனுமதிக்கப்படவில்லை. இருக்கைகள் அன்றும் வெறுமையாகவே இருந்தன.